மலை திறந்திருக்கா? மதுரைப் பக்கத்து மலைப்பாதைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் எங்கள் நடைக் குழுவின் போன் நம்பர் எப்படியோ ஊர் முழுக்கப் பரவிவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் போதும், குரங்கணி விடுவாங்களா, சதுரகிரி விடுவாங்களா என்று அழைப்பு வர ஆரம்பித்துவிடும். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக இங்கே எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

அண்ணே, குரங்கணி இப்ப தொறந்திருக்கா, மூடியிருக்கா?

குரங்கணி, தேனி மாவட்டத்தில் போடிக்குப் பக்கத்து மலையடி ஊர். அந்த ஊரை யாரும் மூடவில்லை. போடியிலிருந்து பஸ் போகிறது, டீக்கடை இருக்கிறது, தோட்டத்து ஆட்கள் தினமும் போய் வருகிறார்கள். நீங்கள் கேட்பது ஊருக்கு மேலே இருக்கிற காட்டை. அதற்குத் 'திறந்திருக்கு', 'மூடியிருக்கு' என்று ஒரே வார்த்தையில் பதில் கிடையாது.

மூன்று விஷயம் சேர்ந்து வந்தால்தான் மேலே விடுவார்கள். நீங்கள் போக நினைக்கிற பாதை அனுமதிக்கப்பட்ட பாதையாக இருக்க வேண்டும், அது தீக்காலமாக இருக்கக் கூடாது, அன்றைக்கு வானிலை ஒத்துழைக்க வேண்டும். மதுரையைச் சுற்றி இருக்கிற எல்லா மலைக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான். அதனால் "குரங்கணி தொறந்திருக்கா" என்று கேட்காமல், "இந்தத் தேதியில் இந்தப் பாதையில் விடுவார்களா" என்று கேளுங்கள். சரியான பதில் கிடைக்கும்.

அப்படி ஏன் மூடுனாங்க? 2018-ல என்னதான் நடந்துச்சு?

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்து இன்னொரு குழு, இரண்டும் மேலே தேயிலைத் தோட்டம் இருக்கிற கொழுக்குமலையில் இரவு தங்கிவிட்டுக் குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்தன. சென்னைக் குழுவில் பெரும்பாலும் பெண்கள். ஒத்தமரம் என்று சொல்லப்படும் இடத்துக்குப் பக்கத்தில் காட்டுத்தீ அவர்களைச் சூழ்ந்தது. அந்தச் சரிவில் மரம் குறைவு, ஆள் உயரப் புல்தான் அதிகம். மார்ச்சில் அது காய்ந்து சருகாக நிற்கும். காற்றும் சேர்ந்துகொண்டால் அந்தப் புல்லில் தீ ஓடுகிற வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. சிதறி ஓடியவர்களில் சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள்.

முதலில் மேலே ஏறிப் போனவர்கள் குரங்கணி ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும். போர்வையில் தொட்டில் கட்டி, அந்தச் செங்குத்துப் பாதையில் ஆட்களைச் சுமந்து இறக்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் பிறகுதான் வந்தன. அங்கேயே 9 பேர் இறந்தார்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை உட்படப் பல இடங்களில் சிகிச்சையில் இருந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 23 உயிர்கள் போயின.

ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் அரசு விசாரணை நடத்தியது. குரங்கணியிலிருந்து மூணாறு பக்கத்து மலையுச்சி ஊரான டாப் ஸ்டேஷன் போகத்தான் அனுமதி இருந்தது, கொழுக்குமலைக்கு இல்லை என்று வனத்துறை அப்போது சொன்னது. யார் மேல் எவ்வளவு தப்பு என்ற வாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு உறுத்துவது வேறு விஷயம். தீ பிடித்த நேரத்தில் மேலே மொத்தம் எத்தனை பேர், எந்தச் சரிவில் இருக்கிறார்கள் என்று கீழே இருந்த யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கட்டுப்பாட்டையும் இந்த இடத்திலிருந்து பார்த்தால்தான் புரியும்.

சரி, இப்ப முறையாப் போகணும்னா யார்கிட்ட கேக்கணும்?

தீ விபத்து நடந்தவுடன் மலையேற்றத்தை நிறுத்தினார்கள். அதே ஆண்டு தமிழக அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்து, வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது என்று ஆக்கினார்கள். ஆனாலும் சாதாரண ஆள் எங்கே போய் விண்ணப்பிப்பது என்ற குழப்பம் ரொம்ப நாள் தீரவில்லை.

2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற அரசுத் திட்டம் தொடங்கிய பிறகு வழி தெளிவானது. 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு ஆரம்பித்தார்கள். வனத்துறையின் கீழ் இருக்கும் கழகம் ஒன்று நடத்துகிறது. அவர்கள் இணையதளத்தில் பாதையையும் தேதியையும் தேர்ந்தெடுத்து, பெயர், வயது, அடையாள அட்டை விவரம் கொடுத்துப் பணம் கட்ட வேண்டும். நம்ம பக்கத்தில் குரங்கணி – சாம்பலாறு, சின்னச்சுருளி, கொடைக்கானலில் வட்டக்கானல் – வெள்ளகவி, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் செண்பகத்தோப்பு – புதுப்பட்டி ஆகியவை அந்தப் பட்டியலில் வந்தவை. கூட வருகிற வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தந்த மலையைச் சேர்ந்த இளைஞர்கள், பயிற்சி பெற்றவர்கள்.

முக்கியமாக ஒன்று. பட்டியலில் ஒரு பாதை இருப்பதும், நீங்கள் போகும் வாரத்தில் அது திறந்திருப்பதும் ஒன்றல்ல. தேதி காட்டினால்தான் உண்டு.

நம்ம மலைக்கு நாமளே காசு கட்டிப் போகணுமா?

தொடங்கிய புதிதில் இதே கேள்வியைப் பலர் சத்தமாகவே கேட்டார்கள். கட்டணத்தைக் கொஞ்சம் குறைத்தார்கள். எனக்கும் சில பாதைகளின் கட்டணம் கூடுதலாகத்தான் படுகிறது, குறிப்பாகக் கல்லூரிப் பையன்களுக்கு. ஆனால் அந்தப் பணத்தில் வழிகாட்டியின் கூலியும் இருக்கிறது. முன்பு இடைத்தரகர் எடுத்துக்கொண்டதில் மலைக்காரருக்கு என்ன போனது என்று யோசித்துப் பாருங்கள்.

எந்த மாசம் போனா நல்லது?

பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை தீக்காலம். அந்த இரண்டு மாதமும் ட்ரெக் தமிழ்நாட்டில் நடையே கிடையாது. கோடை மழை பிந்தினால் தடை இன்னும் நீளலாம். பரீட்சை முடிந்து லீவு விடுகிற நேரத்தில் இப்படிச் செய்கிறார்களே என்று பெற்றோர்கள் வருத்தப்படுவார்கள். புல் காய்வது பள்ளிக்கூட நாட்காட்டியைப் பார்த்து இல்லையே.

அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. அப்போது ஓடைகள்தான் ஆபத்து, முதல் நாள் இரவுகூட ரத்து செய்வார்கள். என்னைக் கேட்டால் டிசம்பர் பாதியிலிருந்து ஜனவரி கடைசி வரை போடிப் பக்கம் அருமையான காலம். புல் இன்னும் பச்சையாக இருக்கும், காலையில் பனி, மதியம் வரை வெயில் உறைக்காது. அட்டைக் கடிக்குப் பயந்தவர்களுக்கும் அதுதான் தோது.

மதுரையில இருந்து பஸ்ஸா, ரயிலா?

தேனி, போடி, பெரியகுளம், கொடைக்கானல் பஸ் எல்லாம் ஆரப்பாளையத்தில். போடிக்கு ரயிலும் இருக்கிறது. அகலப்பாதை வேலைக்காகப் பல வருடம் நின்றிருந்த வண்டி, 2022-இல் தேனி வரையும் 2023 ஜூனில் போடி வரையும் திரும்ப ஓட ஆரம்பித்தது. உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டிக் கணவாயில் அது நுழைகிற இடத்தைப் பார்ப்பதற்காகவே ஒரு தடவை ரயிலில் போகலாம். ஆனால் காலை நடை சீக்கிரமே ஆரம்பிக்கும், ரயில் நேரம் ஒத்துவராது. முதல் நாளே போய்ப் போடியில் தங்குவது உத்தமம்.

சதுரகிரி மலைக்கோயிலுக்கு வத்திராயிருப்பு போய், அங்கிருந்து அடிவாரத்துத் தாணிப்பாறை. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு மதுரை, திருமங்கலத்திலிருந்து சிறப்புப் பஸ் விடுவார்கள். உட்கார இடம் கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

சதுரகிரிக்கு இப்ப தெனமும் விடுறாங்களாமே, நெசமா?

நீண்ட காலமாக அமாவாசை, பௌர்ணமி, பிரதோஷம் ஒட்டி மாதத்தில் எட்டு நாள்தான் விட்டார்கள். 2025 தொடக்கத்தில், உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போன வழக்குக்குப் பிறகு, தினமும் விடுவதாக அறிவித்தார்கள். அதனால் கேள்விப்பட்டது உண்மைதான். ஆனால் 'தினமும்' என்றால் நினைத்த நேரத்தில் இல்லை. காலையில் சில மணி நேரம் மட்டும் தாணிப்பாறை கேட்டில் மேலே விடுவார்கள், சாயங்காலத்துக்குள் இறங்கிவிட வேண்டும், இரவு தங்க அனுமதி இல்லை. மதுரையில் சாவகாசமாக இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

மழை பெய்தால் அந்தத் தினசரி அனுமதியும் நிற்கும். தாணிப்பாறையிலிருந்து சுந்தர மகாலிங்கம் கோயில் வரை ஏறக்குறைய 10 கிலோமீட்டர். மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, சங்கிலிப்பாறை என்று வழியில் தண்ணீர் குறுக்கே வரும் இடங்கள் பல. நீங்கள் நிற்கிற இடத்தில் வெயில் அடித்தாலும் மேலே பெய்த மழை அரை மணியில் ஓடையை நிரப்பிவிடும். முழங்கால் தண்ணீர்தானே என்று இறங்குவார்கள், அடியில் பாசி பிடித்த பாறை காலை வாரிவிடும். 2015 மே மாதம் அமாவாசைக்குப் போன பக்தர்கள் இப்படித் திடீர் வெள்ளத்தில் சிக்கிச் சிலர் இறந்தே போனார்கள். "சாமி பாத்துக்கும்" என்று கேட்டில் சண்டை போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே நிற்கிற வனக்காப்பாளரின் பொறுமைக்கு ஒரு கும்பிடு.

பையைச் சோதிப்பார்கள். தீப்பெட்டி, லைட்டர், பீடி, சிகரெட், மது, பாலிதீன் பை எதுவும் போகாது. சூடம் ஏற்ற நெருப்பு வேண்டுமே என்றால், கோயிலில் ஏற்றிக்கொள்ளலாம், வழியில் வேண்டாம். காரணம், மேலே சொன்ன காய்ந்த புல்தான்.

எங்க தாத்தா காலத்துல சாப்டூர் வழியா, வருசநாட்டு வழியா எல்லாம் ஏறுவாங்களாம். இப்ப அந்தப் பாதைல போகலாமா?

பாதைகள் உண்மை. சாப்டூர் பக்கம் வாழைத்தோப்பு வழி, தேனிப் பக்கம் வருசநாட்டுக்கு மேலே உப்புத்துறை வழி, இரண்டையும் பெரியவர்கள் சொல்வார்கள். வருசநாட்டுக்காரர்களுக்கு அதுதான் கிட்ட. ஆனால் இன்றைக்கு நாம் பார்க்க வேண்டியது வேறு. ஸ்ரீவில்லிபுத்தூர் நரை அணில் சரணாலயத்தையும் மேகமலை சரணாலயத்தையும் சேர்த்து 2021 பிப்ரவரியில் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள். நாட்டின் 51-ஆவது காப்பகம், ஆயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு. சதுரகிரி அதற்குள்தான் இருக்கிறது.

திருவிழாக் காலத்தில் மாவட்ட நிர்வாகமும் வனத்துறையும் வேறு வழியைத் திறப்பதாக அறிவித்தால் போகலாம். அறிவிப்பு இல்லையென்றால் தாணிப்பாறை ஒன்றே வழி. தாத்தா போன பாதையில் அப்போது மாடு மேய்த்தவர்களும் தேன் எடுத்தவர்களும் நடமாடினார்கள், தடம் தேய்ந்து தெளிவாக இருந்தது. இப்போது ஆள் நடமாட்டம் குறைந்து லாண்டனா புதர் மூடிவிட்டது. யானை நின்றால் பத்தடி தூரத்தில்தான் தெரியும்.

கொடைக்கானலுக்கு இ-பாஸ் இல்லாம பஸ்ல போனா பிடிப்பாங்களா?

மாட்டார்கள். 2024 மே 7-இலிருந்து உயர் நீதிமன்ற உத்தரவின்படி வெளியூர் வண்டிகளுக்குத்தான் இ-பாஸ். அரசுப் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தேவையில்லை. காரும் பைக்கும் என்றால் கட்டாயம், இணையத்தில் எடுத்துக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. 2025 கோடையில் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். ஆக, சித்திரை லீவில் ஞாயிற்றுக்கிழமைக்குச் சனிக்கிழமை ராத்திரி பாஸ் தேடினால் கிடைக்காமல் போகலாம். சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தால் ஒன்றுக்கு 20 ரூபாய் வாங்குவார்கள். வீட்டு எவர்சில்வர் பாட்டில் போதும்.

இ-பாஸ் என்பது மலை ஏறும் ரோட்டுக்கு மட்டும். காட்டுக்குள் போக அது செல்லாது. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி தனி, யானை நிற்கிறது என்றால் நாள் கணக்கில் மூடிவிடுவார்கள். மோயர் முனை, பைன் காடு, குணா குகை, தூண் பாறை எல்லாமே வனத்துறை கையில் இருப்பவைதான்.

வட்டக்கானல்ல இருந்து வெள்ளகவிக்கு நாங்களா நடந்து போயிடலாம்ல? வழியெல்லாம் ஆளுங்க இருக்காங்களே?

டால்பின் மூக்குப் பாறை வரை ஆள் இருப்பார்கள், மேகி கடை இருக்கும். அதைத் தாண்டினால் காடு. வெள்ளகவி ரோடு இல்லாத ஊர். மேலே வட்டக்கானல், கீழே பெரியகுளம் பக்கம் கும்பக்கரை. அரிசி மூட்டையிலிருந்து நோயாளி வரை எல்லாம் தோளிலோ குதிரையிலோதான் போக வேண்டும். மலைரோடு போடுவதற்கு முன்னால் கொடைக்கானலுக்கு ஏறியவர்கள் இந்தச் சரிவுகளில்தான் ஏறினார்கள்.

இந்தப் பாதை மேலே சொன்ன பட்டியலில் இருப்பதால் முறையாகவே போகலாம். இறக்கம்தானே என்று எளிதாக நினைக்க வேண்டாம், முழங்கால் பேசும். ஊருக்குள் நுழைகிற இடத்தில் செருப்பைக் கழற்றிவிடுங்கள். வெள்ளகவிக்காரர்கள் ஊருக்குள் செருப்புப் போடுவதில்லை, தெய்வம் இருக்கிற மண் என்பது அவர்கள் நம்பிக்கை. "ஷூ லேஸ் கழட்ட நேரமாகும்" என்று தயங்கினால் ஊருக்குள் போகாமல் வெளியிலேயே நின்றுகொள்ளலாம்.

கொழுக்குமலை தமிழ்நாடுதான, அப்புறம் ஏன் கேரளா வழியாப் போகச் சொல்றாங்க?

மலை தேனி மாவட்டம், வண்டி ரோடு இடுக்கி மாவட்டம். போடிமெட்டு ஏறி, சூரியநெல்லி போய், அங்கிருந்து ஜீப். சூரிய உதயம் பார்க்க விடிகாலை இருட்டில் கிளம்புவார்கள். கரடுமுரடான தேயிலைத் தோட்டத்துப் பாதை, முதுகுவலிக்காரர்கள் யோசிக்கவும். ஜீப்பை அனுமதிப்பதும் நிறுத்துவதும் இடுக்கி நிர்வாகம். அதனால் தேனி வனத்துறையிடம் கேட்டுவிட்டு அங்கே போய் நிற்பதில் பிரயோசனம் இல்லை.

ஜீப்பில் போய்விட்டு நடந்து குரங்கணிக்கு இறங்கலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். 2018-இல் அவர்கள் இறங்கியது அந்தச் சரிவில்தான். தமிழ்நாட்டு வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு அடி இறங்காதீர்கள், ஜீப்காரர் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னாலும்.

டாப் ஸ்டேஷன் பாதைல பழைய ரோப்வே இருக்குன்னாங்க?

மூணாறு தேயிலையை டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவழியில் தொட்டியில் வைத்துக் கீழே கொட்டகுடிப் பக்கம் இறக்கி, போடி வழியாக வெளியூருக்கு அனுப்பினார்கள். மேலே டாப் ஸ்டேஷன், நடுவில் சென்ட்ரல் ஸ்டேஷன், கீழே பாட்டம் ஸ்டேஷன். மூணாறுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் நடுவே ஓடிய குட்டி ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. சென்ட்ரல் ஸ்டேஷன் என்ற பெயரைக் கேட்டு ரயிலைத் தேடியவர்கள் உண்டு, அது ஒரு சின்ன மலைக்கிராமம்.

கண்ணகி கோயிலுக்கு வருசத்துல ஒரு நாள்தானா?

ஒரு நாள்தான், சித்ரா பௌர்ணமி. கோயில் தமிழ்நாடு – கேரள எல்லையில் இருக்கிறது, சுற்றிலும் பெரியாறு புலிகள் காப்பகம். தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் முன்கூட்டியே கூடிப் பேசி ஏற்பாடு செய்வார்கள். குமுளியிலிருந்து ஜீப் போகும். நடக்க விரும்புகிறவர்கள் லோயர் கேம்ப் பக்கம் பளியன்குடியிலிருந்து ஏறலாம், ஆறரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, நல்ல ஏற்றம். காலையில் ஏறி, சாயங்காலம் கதவு சாத்துவதற்குள் இறங்கிவிட வேண்டும்.

மதுரைக்காரர்களுக்கு இதில் ஒரு சங்கடம். அன்றைக்குத்தான் அழகர் ஆற்றில் இறங்குவார். எங்கள் குழுவில் வருடா வருடம் இந்த ஒரு விஷயத்தில்தான் பிளவு வரும்.

மேகமலைக்கு ராத்திரி பைக்ல போகலாமா?

முடியாது. சின்னமனூரிலிருந்து போனால் தென்பழநி சோதனைச் சாவடியில் சாயங்காலம் 6 மணிக்கு மேல் நிறுத்திவிடுவார்கள், காலை 6 மணிக்குத்தான் விடுவார்கள். அதுவும் மேலே சொன்ன புலிகள் காப்பகம்தான்.

கொடைக்கானல் காட்டுல மாவோயிஸ்ட் இருக்கறதாலதான் மூடி வச்சிருக்காங்கன்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் சொல்றார். உண்மையா?

அவர் சொல்வது பழைய கதை. 2007-இல் பெரியகுளத்துக்குப் பக்கத்து முருகமலையில் சிலரைப் பிடித்தார்கள். 2008 ஏப்ரலில் கொடைக்கானல் வடகவுஞ்சிக் காட்டில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் நவீன் பிரசாத் என்ற மாவோயிஸ்ட் கொல்லப்பட்டார். அந்தச் சமயத்தில் மலைக்கிராமங்களில் போலீஸ் நடமாட்டம் அதிகம், வெளியாட்களைத் துருவித் துருவி விசாரித்தார்கள். வயதானவர்கள் இன்னும் அதைச் சொல்வார்கள்.

இன்று நீங்கள் பார்க்கிற தடைகளுக்குக் காரணம் அது இல்லை. தீ, வெள்ளம், வனவிலங்கு, கூட்டம். இந்த நான்கில் எதுவென்று அறிவிப்பிலேயே இருக்கும். சட்டம் ஒழுங்குக்காக மலை மூடப்படுவதை மதுரைக்காரர்கள் பார்த்தது திருப்பரங்குன்றத்தில். 2025 பிப்ரவரியிலும், அதே ஆண்டு கார்த்திகை தீபத்தின்போதும் தடை உத்தரவு போட்டார்கள். அந்த மலைக்குப் போகிறவர்கள் அன்றைய செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

தீக்காலத்துல கால் அரிக்குதே, பக்கத்துல எங்கயாவது போகலாமா?

கீழக்குயில்குடி சமணர்மலை, யானைமலை அடிவாரத்து நரசிங்கம் பக்கம், மேலூர் ரோட்டில் அரிட்டாபட்டி. விடிகாலையில் போய் எட்டு மணிக்குள் இறங்கிவிடுங்கள், பாறை சுடும். அரிட்டாபட்டி 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து ஊரே திரண்டு, 2025 ஜனவரியில் அதை ரத்து செய்ய வைத்தார்கள். சிவனின் வடிவமான லகுலீசர் இருக்கும் குடைவரைக் கோயிலையும் தமிழி (தமிழ் பிராமி) கல்வெட்டையும் பாருங்கள். பாறைகளில் வல்லூறு கூடு வைத்திருக்கும், ட்ரோன் விடாதீர்கள்.

பொம்பளைப் பிள்ளைங்க மட்டும் போனா பயமில்லையா? அம்மா விட மாட்டேங்கறாங்க.

அம்மாவுக்கு இரண்டு விஷயம் காட்டுங்கள்: பதிவு ரசீது, நடை முடிந்து திரும்புகிற நேரம். காட்டுக்குள் உங்களோடு துறை அனுப்பிய வழிகாட்டி இருப்பார், யார் யார் போயிருக்கிறார்கள் என்று கீழே எழுதி வைத்திருப்பார்கள். ஆண்களோ பெண்களோ, மலையில் வருகிற ஆபத்து ஒன்றேதான். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். சின்னக் குழந்தைகளை எளிய பாதைக்கு மட்டும், வீட்டுப் பெரியவர்களோடு கூட்டிப் போங்கள். மூச்சிரைப்பு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் வழிகாட்டியிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பாதியில் உட்கார்ந்துவிட்டால் மொத்தக் குழுவும் உட்கார வேண்டியிருக்கும்.

நடுவுல தீ வந்துட்டா என்ன செய்யறது?

முதலில், தீக்காலத்தில் அங்கே இருக்கக் கூடாது. அதையும் மீறி எங்காவது புகை தெரிந்தால், மேலே ஓடாதீர்கள். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஏறும், மேலே இருக்கிற புல்லைச் சூடாக்கிக்கொண்டே வரும். பக்கவாட்டில் விலகிப் புல் இல்லாத இடத்துக்குப் போங்கள்: வெறும் பாறை, ஓடைப் படுகை, ஏற்கெனவே எரிந்து கருகிய நிலம். எரிந்த இடத்தில் திரும்ப எரிய ஒன்றும் இருக்காது.

நைலான், பாலியஸ்டர் துணி உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும், மலைக்குப் பருத்தித் துணியே போடுங்கள். கூட்டத்தை விட்டுத் தனியாகப் பிரியாதீர்கள். சிக்னல் இருக்கும் இடத்தில் 112 அல்லது 108. "மலையில இருக்கோம்" என்று மட்டும் சொன்னால் யாருக்கும் புரியாது. ஏறிய ஊர், கடைசியாகத் தாண்டிய இடத்தின் பெயர், எத்தனை பேர், இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

இன்ஸ்டாகிராம்ல ஒரு பையன் ஆளுக்கு இவ்வளவுன்னு வாங்கிட்டு டெண்ட் போட்டுத் தங்க வைக்கிறானே, அவன்கூட போலாமா?

அவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: உங்கள் பெயர் போட்ட அனுமதிச் சீட்டு. "எனக்கு ரேஞ்சர் தெரியும்" என்று பதில் வந்தால் வேண்டாம். தனியார் எஸ்டேட்டுக்குள் டெண்ட் போடுவது வேறு, காப்புக்காட்டுக்குள் போடுவது வேறு. படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மாட்டினால் அபராதத்தோடு போய்விடும் என்றும் நினைக்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவதைத் தடுக்கிறது. மீறினால் மூன்று ஆண்டு வரை சிறையோ, 2022 திருத்தத்துக்குப் பிறகு ஒரு லட்சம் வரை அபராதமோ விதிக்க அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. புலிகள் காப்பகத்தின் மையப் பகுதி என்றால் இன்னும் கடுமை. வழக்கு உங்கள் பேரிலும் வரும், பணம் வாங்கிய பையன் பேரில் மட்டும் இல்லை.

எங்க மச்சான் மலைக்கிராமத்துக்காரர், பளியர். அவரே கூட்டிட்டுப் போறேங்கறார். அப்புறம் எதுக்குப் பெர்மிட்?

உங்கள் மச்சானுக்குக் காட்டில் இருக்கிற உரிமை உண்மையான உரிமை. 2006 வன உரிமைச் சட்டம் அவர் குடியிருப்பதையும் தேன், கிழங்கு எடுப்பதையும் காக்கிறது. அது அவருக்கும் அவர் சமூகத்துக்கும் உரியது, விருந்தாளிக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. அவர் வீட்டுக்குப் போங்கள், சாப்பிடுங்கள், தங்குங்கள். ஊரைத் தாண்டிக் காட்டுக்குள் போக மேலே சொன்ன வழிதான்.

இன்னொன்றும் யோசியுங்கள். ஏதாவது ஆகிவிட்டால் நீங்கள் மதுரைக்கு வந்துவிடுவீர்கள். அவர் தினமும் அதே வனக்காப்பாளர் முகத்தில் விழிக்க வேண்டும்.

பதிவு பண்ணி, லீவு போட்டு, போடி வரை போய்ட்டோம். காலைல மழைன்னு ரத்து பண்ணிட்டாங்க. என்ன செய்யறது?

இணையதளத்தில் பதிவு செய்யும்போதே ரத்து விதிகளைப் படித்து வையுங்கள், ரசீதைப் போனில் படமெடுத்து வையுங்கள். அவர்களே ரத்து செய்ததா, நீங்கள் வராமல் விட்டதா என்பதுதான் பணம் திரும்பக் கேட்கும்போது முக்கியம். அதனால் வழிகாட்டி போனில் வாய்மொழியாகச் சொன்னால், குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அடிவாரத்தில் நின்று பேரம் பேசாதீர்கள், வழிகாட்டிக்கு அதில் அதிகாரம் கிடையாது.

அந்தப் பக்கம் பெய்த மழையில் சுருளியும் கும்பக்கரையும்கூட மூடியிருக்கும். போடிமெட்டு ரோடு திறந்திருந்தால் பஸ் ஏறி மெட்டு வரை போய் வாருங்கள். மழைக்குப் பிறகு அந்த வளைவுகளில் வழி நெடுக அருவி கொட்டும், ஜன்னலோர சீட் கிடைத்தால் யோகம். அங்கே டீ குடித்துவிட்டு மதிய வண்டியில் இறங்கினால் இருட்டுவதற்குள் ஆரப்பாளையம் வந்துவிடலாம்.